‘ஒருவேளை மருத்துவம்’ என்கிற பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

அமெரிக்காவில் ‘ப்ரீ-மெட்’ என்ற பெயரில் பட்டம் எதுவும் கிடையாது. பதினேழு வயதில் “நான் ப்ரீ-மெட்” என்று சொல்லும் மாணவி உண்மையில் சொல்வது இவ்வளவுதான்: ஏதோ ஒரு பாடத்தில் நான்காண்டு இளநிலைப் பட்டம் படிக்கப் போகிறேன், மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் வகுப்புகளையும் கூடவே முடித்துவிடுவேன், அதற்குப் பிறகும் ஆசை மிச்சமிருந்தால், மதிப்பெண்ணும் இடம்கொடுத்தால், விண்ணப்பிப்பேன். உயிரியல் ஓராண்டு, பொது வேதியியல் ஓராண்டு, கரிம வேதியியல் ஓராண்டு, இயற்பியல் ஓராண்டு, அவற்றுக்கு ஆய்வக வகுப்புகள், மேற்கொண்டு உயிர்வேதியியல். பல இடங்களில் புள்ளியியல், உளவியல், ஆங்கிலம். இந்த வகுப்புகள் அநேகமாக எல்லா நான்காண்டுக் கல்லூரிகளிலும் இருக்கின்றன. அப்படியிருக்க, ‘சிறந்த ப்ரீ-மெட் கல்லூரி எது’ என்று ஏப்ரல் மாதம் முழுக்க வீடுகளில் நடக்கும் விவாதம் எதைப் பற்றியது?

எடிசன், ஃப்ரீமாண்ட், பிளேனோ போன்ற ஊர்களின் தமிழ்க் குடும்பங்களில் இந்த விவாதம் கூடுதல் சூட்டோடு நடக்கிறது. மே 1க்குள் ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். பெற்றோர் இந்தியாவில் வளர்ந்த முறையில் பன்னிரண்டாம் வகுப்பு, தரவரிசை, கலந்தாய்வு, இடம், எம்.பி.பி.எஸ். என்று எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். அங்கே கல்லூரி கிடைப்பதும் மருத்துவராவது உறுதியாவதும் ஏறத்தாழ ஒன்றுதான். அமெரிக்காவில் இவை இரண்டு தனித்தனி முடிவுகள். நடுவே நான்கு ஆண்டுகள், பலருக்கு ஆறு ஆண்டுகள். மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களுடைய சராசரி வயது இருபத்து நான்கை ஒட்டியிருக்கிறது. இளநிலைப் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் இடையில் ஓரிரு ஆண்டு ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களே இன்று பெரும்பான்மை. பதினேழு வயதில் எடுக்கும் முடிவு இருபத்து நான்கு வயதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகள் தம் அளவுக்குச் சுருங்கும்.

இந்த இரட்டைப் படி எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 1893இல் பால்டிமோரில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி, இளநிலைப் பட்டம் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை என்று முதல் நாளிலிருந்தே சொன்னது. அந்தக் காலத்தில் இது விசித்திரமான கெடுபிடி; கட்டணம் கட்டினால் மருத்துவராகிவிடலாம் என்ற பள்ளிகள் நாடெங்கும் இருந்தன. 1910இல் கார்னகி அறக்கட்டளைக்காக ஏப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர், அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கை ஹாப்கின்ஸையே உரைகல்லாக வைத்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் ஏராளமான பள்ளிகள் மூடின. கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஏழு பள்ளிகளில் ஐந்து மறைந்து, ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் எஞ்சின. தரம் உயர்ந்தது, கூடவே கதவும் குறுகியது. அந்தக் குறுகலின் விளைவு இன்றைய கல்லூரித் தேர்வு வரைக்கும் நீள்கிறது. பின்னால் அதற்கு வருகிறேன்.

மருத்துவக் கல்லூரியின் தேர்வுக் குழு எதைப் பார்க்கிறது? முதலில் ஜிபிஏ, அதாவது கல்லூரி மதிப்பெண்களின் சராசரி. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கின் சராசரியைத் தனியாகவும் கணக்கிடுகிறார்கள். அடுத்து மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட். 2015இலிருந்து இது நான்கு பகுதிகள், 472 முதல் 528 வரை மதிப்பெண். பிறகு பரிந்துரைக் கடிதங்கள், நோயாளிகளோடு பழகிய அனுபவம், ஆய்வு, சேவை, நேர்காணல். எம்.டி. பட்டம் தரும் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.8ஐ ஒட்டி, எம்கேட் 511, 512 அளவில். கல்லூரியின் பெயருக்கு எடையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனியார் மருத்துவக் கல்லூரிகள், குறிப்பாக ஆய்வில் புகழ்பெற்றவை, இளநிலைக் கல்லூரியின் பெயரைக் கொஞ்சம் பார்க்கின்றன. அரசுக் கல்லூரிகள் அதைவிடக் குறைவாகவே பார்க்கின்றன. ஆனால் மங்கலான மதிப்பெண் பட்டியலைப் புகழ்பெற்ற கல்லூரியின் பெயர் காப்பாற்றிவிடாது. 3.3 எங்கிருந்து வந்தாலும் 3.3தான்.

விவாதத்தில் அதிகம் ஏமாற்றும் எண் ஒன்று உண்டு. “எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது” என்பது அது. நாடு முழுவதும் விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் அளவுக்கே சேர்கிறார்கள் என்றிருக்கும்போது, 90 என்று கேட்டதும் பெற்றோரின் மனம் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. வகுத்த எண் எது என்று கேட்பவர்கள் குறைவு. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதலாண்டில் நூறு பேர் ப்ரீ-மெட் என்று தொடங்குகிறார்கள். பொது வேதியியலிலும் கரிம வேதியியலிலும் அடிபட்டு ஐம்பது பேர் விலகுகிறார்கள். மிச்ச ஐம்பதில் இருபது பேரிடம், “உங்கள் மதிப்பெண்ணுக்கு எங்கள் குழு கடிதம் தராது” என்று கல்லூரியின் ஆலோசனைக் குழு சொல்லிவிடுகிறது. முப்பது பேர் விண்ணப்பிக்கிறார்கள், இருபத்தேழு பேருக்குக் கிடைக்கிறது. அதுதான் 90 சதவீதம். தொடங்கிய நூறு பேரின் கண்ணால் பார்த்தால் 27.

இதில் வரும் குழுக் கடிதம் என்பது சில கல்லூரிகளின் வழக்கம். தனித்தனி ஆசிரியர் கடிதங்களைத் தொகுத்து, கல்லூரியே ஒரு மதிப்பீட்டுக் கடிதம் எழுதி அனுப்பும். நல்ல கடிதம் பெரும் துணை. கல்லூரியில் அந்த வழக்கம் இருந்தும் ஒரு மாணவிக்குக் கடிதம் இல்லையென்றால், தேர்வுக் குழு காரணம் கேட்கும். ஆகவே விசாரிக்க வேண்டியது சதவீதத்தை அல்ல: குழுக் கடிதம் உண்டா, கேட்கிற எல்லோருக்கும் எழுதுகிறீர்களா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே மறுப்பீர்கள்? நேராகப் பதில் சொல்லும் கல்லூரியை நான் மதிப்பேன்.

இன்னொரு எண் எண்ணிக்கைப் பெருமை. மருத்துவத்துக்கு அதிக விண்ணப்பதாரர்களை அனுப்பும் கல்லூரிகளின் பட்டியலில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யுசிஎல்ஏ ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு முன்னிற்கும்; ஃப்ளோரிடா, மிச்சிகன், ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகங்களும் அருகில் வரும். அவை பெரிய பல்கலைக்கழகங்கள், அவ்வளவுதான். உங்கள் பெண்ணுக்கு அங்கே என்ன நடக்கும் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது.

இனி, இந்தக் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருவோம். கடினமான கல்லூரியில் சேர்ந்து திணறுவதா, சற்று எளிதான கல்லூரியில் சேர்ந்து முதல் வரிசையில் இருப்பதா?

மதிப்பெண் வழங்கும் முறை கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. பிரின்ஸ்டன் 2004இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது: இளநிலை வகுப்புகளில் ஏ வகை மதிப்பெண்கள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்ற இடங்களில் தாராளமாக ஏ விழுந்துகொண்டிருந்தபோது தங்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடா என்று மாணவர்கள் கவலைப்பட்டார்கள். 2014இல் கொள்கை கைவிடப்பட்டது. எம்ஐடியில் முதல் பருவத்துக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது. தேறினால் தேறியதாகப் பதிவாகும், தவறினால் வெளியே தெரியும் பட்டியலில் இடம்பெறாது. மாணவர்கள் கால் ஊன்ற அந்தச் சில மாதங்கள் எவ்வளவு பெரிய உதவி என்பதை, முதல் வேதியியல் தேர்வில் வாழ்க்கையிலேயே முதல்முறையாக 52 வாங்கிய பிள்ளை அறியும்.

உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களில் ‘சிறு குளத்தில் பெரிய மீன்’ என்று ஒரு விளைவைப் பற்றி எழுதினார். ஒரே திறமையுள்ள இரண்டு மாணவர்களில், சுற்றியிருப்பவர்கள் தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று காண்பவர் தன்னைத் தாழ்வாக மதிப்பிடுகிறார். மால்கம் கிளாட்வெல் 2013இல் எழுதிய புத்தகத்தின் வழியாக இது வீட்டுப் பேச்சாகவும் ஆகிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களின் தரவுகளை ஆராய்ந்து பொருளியலாளர் பீட்டர் ஆர்சிடியாகோனோவும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட கட்டுரையும் இதே திசையில் பேசியது: பெர்க்லி போன்ற கடும் போட்டி வளாகங்களில் குறைந்த முன்தயாரிப்போடு சேர்ந்து அறிவியல் படித்தவர்களில் சிலர், போட்டி குறைந்த வளாகத்தில் இருந்திருந்தால் அறிவியலிலேயே பட்டம் முடித்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

அதோடு முடிந்திருந்தால் விடை எளிது. ஆனால் அதே கலிஃபோர்னியாவில், கல்லூரிச் சேர்க்கையில் இன அடிப்படையிலான முன்னுரிமை நின்றபோது என்ன நடந்தது என்று ஸாக்கரி ப்ளீமர் ஆராய்ந்தார். 2022இல் வந்த அந்த ஆய்வின்படி, போட்டி குறைந்த வளாகங்களுக்குத் தள்ளப்பட்ட மாணவர்கள் அங்கே செழிக்கவில்லை. பட்டம் முடித்தவர்கள் குறைந்தார்கள்; பிற்கால வருமானமும் குறைந்தது; அறிவியலில் நிலைத்திருப்பதும் கூடவில்லை. சிறு குளம் தானாக யாரையும் காப்பாற்றிவிடுவதில்லை.

என் பார்வையில் இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவே உள்ள வழியைக் காட்டுபவை வேறு இரண்டு அனுபவங்கள். ஒன்று, 1970களின் பிற்பகுதியில் பெர்க்லியில் யூரி ட்ரைஸ்மன் செய்தது. நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று அவர் அவர்களோடேயே போய்ப் பார்த்தார். சோம்பலும் இல்லை, ஆர்வக் குறைவும் இல்லை. அவர்கள் தனியாகப் படித்தார்கள். நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்களோ தனித்தனியாகப் போட்டுப் பார்த்த கணக்குகளை இரவில் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிட்டார்கள், ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினார்கள். ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்களுக்குக் குழுப் பயிலரங்கம் தொடங்கினார். அங்கே கொடுத்தவை எளிய மறுபயிற்சிக் கணக்குகள் அல்ல, மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிடக் கடினமானவை. முடிவுகள் அடியோடு மாறின.

மற்றொன்று நியூ ஆர்லியன்ஸிலுள்ள லூயிசியானா சேவியர் பல்கலைக்கழகம். கறுப்பினத்தவருக்கான கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். மாணவர் சில ஆயிரம் பேர்தான். செல்வச் செழிப்பு இல்லை. 1968 முதல் 2015 வரை நார்மன் ஃபிரான்சிஸ் அதன் தலைவராக இருந்தார். மருத்துவப் பட்டம் வரை போய்ச் சேரும் கறுப்பின மாணவர்களை உருவாக்குவதில் ஹார்வர்டு உட்பட யாரும் அதை நெருங்கியதில்லை என்று பல ஆண்டுக் கணக்குகள் சொல்கின்றன. ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பின் குறுகிய கதவு இங்கே கையால் திறக்கப்பட்டது. வேதியியல் பேராசிரியர் ஜே. டபிள்யூ. கார்மைக்கேலும் சகாக்களும் முதலாண்டு அறிவியல் வகுப்புகளை மாற்றி அமைத்தார்கள். ஆசிரியருக்கு ஆசிரியர் பாடம் மாறாமல் பொதுப் பயிற்சி ஏடுகள், அடிக்கடி சிறு தேர்வுகள், கட்டாயக் குழுப் படிப்பு, மேல்வகுப்பு மாணவர்களின் துணை, எந்த மாதத்தில் எந்த விண்ணப்பத்தை நிரப்புவது என்பது வரைக்கும் பின்தொடரும் ஆலோசனை. பலவீனமான பள்ளியிலிருந்து வந்தவரைக் கழித்துக்கட்டுவதற்குப் பதிலாக அவரை மேலே கொண்டுவருவதே அங்கே முதலாண்டு வேதியியலின் வேலை.

ஸ்டான்ஃபோர்டின் டொனால்ட் பார் 2008இல் வெளியிட்ட ஆய்வை இதற்கு எதிரே வைத்துப் பாருங்கள். தம்முடைய பல்கலைக்கழகத்திலேயே, மருத்துவக் கனவோடு வந்த பெண்களும் சிறுபான்மை மாணவர்களும் மற்றவர்களைவிட அதிகமாக அந்தக் கனவைக் கைவிடுவதை அவர் கண்டார். பெரும்பாலோர் சுட்டிய காரணம் வேதியியல் வகுப்புகள். உலகின் ஆகச்சிறந்த ஆய்வகங்கள் இருக்கும் வளாகத்தில் ஒரு பாடம் இத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 2022இல் கரிம வேதியியல் வகுப்பின் 350 மாணவர்களில் 82 பேர் மனு எழுதி, பேராசிரியரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனதும் நினைவிருக்கலாம். அப்போது நாடே ‘மாணவர்கள் சோம்பேறிகளா, பேராசிரியர் கொடியவரா’ என்று இரண்டாகப் பிரிந்து பேசியது. அந்த வகுப்பைப் படிக்கக் கற்றுக்கொடுக்க அங்கே யார் இருந்தார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அடங்கிப்போனது.

ஆகவே குளத்தின் அளவைவிட, முதல் அடி விழுந்த பிறகு அந்த இடம் என்ன செய்கிறது என்பதையே நான் பார்க்கச் சொல்வேன். முதலாண்டு வேதியியலில் எத்தனை பேர் உட்கார்கிறார்கள்? முந்நூறு பேர் அரங்கமானாலும் தவறில்லை. அதற்குப் பக்கத்தில் பதினைந்து பேர் உட்காரும் கலந்துரையாடல் வகுப்பு இருக்கிறதா? பேராசிரியரைச் சந்திக்கும் நேரத்தில் வாசலில் யாராவது நிற்கிறார்களா? பரிந்துரைக் கடிதம் எழுத இரண்டு அறிவியல் ஆசிரியர்களாவது அவளைப் பெயர் சொல்லி அறிந்திருப்பார்களா? சிறிய கலை-அறிவியல் கல்லூரிகள் இதில் வலுவானவை. ஆய்வகமும் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில் இருப்பது பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா போன்ற பெரிய பல்கலைக்கழகங்களின் வலு. மருத்துவமனை பக்கத்தில் இருந்தாலே உள்ளே விடுவார்கள் என்பதில்லை. அங்கே ஏற்கெனவே தன்னார்வம் செய்யும் மாணவர்களைக் கேட்டுவிடுங்கள்.

பள்ளி முடிந்ததுமே மருத்துவ இடத்தையும் சேர்த்து உறுதிசெய்யும் திட்டங்களும் உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுத் திட்டம், மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் 1971இலிருந்து நடக்கும் ஆறாண்டுத் திட்டம், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏழாண்டுத் திட்டம் ஆகியவை அறியப்பட்டவை. தமிழ்ப் பெற்றோருக்கு இவை மிகவும் பிடிக்கும். ஊரில் பழகிய முறைக்கு நெருக்கமாக இருக்கின்றன. பதினைந்து வயதிலிருந்து மருத்துவமனை வாசனையை விரும்பித் தேடிப்போன பிள்ளைக்கு இது நல்ல வழி. ‘ஒருவேளை’ என்று சொல்லும் பிள்ளைக்கு இதை அழுத்திக் கட்டிவைப்பது அநியாயம். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவப் பள்ளி 1987இலிருந்து இன்னொரு வழியைச் சோதித்தது. இலக்கியம், வரலாறு படிக்கும் மாணவர்களைக் கல்லூரியின் நடுவிலேயே எம்கேட் இல்லாமல் தேர்ந்தெடுத்தது. அவர்கள் மருத்துவப் படிப்பில் மற்றவர்களுக்கு இணையாகவே செய்தார்கள் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. உயிரியல் படித்தால்தான் மருத்துவம் என்ற நம்பிக்கைக்கு அது போதுமான பதில்.

இனி பணம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தின் ஆண்டுச் செலவு, உதவித்தொகை இல்லாமல், 85,000 டாலரைத் தாண்டிவிட்டது. சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் பல இடங்களில் 35,000க்குள் முடியும். நான்காண்டில் வித்தியாசம் இரண்டு லட்சம் டாலர். அதற்கு மேல் மருத்துவக் கல்லூரி நான்காண்டு. தனியாரில் எல்லாச் செலவும் சேர்த்தால் மூன்றரை லட்சம் டாலரைத் தாண்டும். இதுவரை மருத்துவ மாணவர்கள் முழுச் செலவுக்கும் கூட்டரசிடமே கடன் வாங்க முடிந்தது. 2025இல் வந்த சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1இலிருந்து புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்பதே உச்சவரம்பு. மிச்சத்துக்குத் தனியார் கடன் அல்லது குடும்பச் சேமிப்பு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2018இல் கட்டணத்தை நீக்கியது. பிராங்க்ஸிலுள்ள ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி 2024இல் ரூத் காட்ஸ்மனின் நூறு கோடி டாலர் நன்கொடையால் அதையே செய்தது. இவற்றை நம்பிக் கணக்கு போடக் கூடாது. இருக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. குடும்பத்தின் சேமிப்பு இரண்டு படிகளில் ஒன்றுக்குத்தான் காணும் என்றால், இரண்டாம் படிக்கு வைத்திருங்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு முழு உதவி தரும் பணக்காரப் பல்கலைக்கழகமே கைக்காசில் மலிவாக முடிவதும் உண்டு. ஆகவே பெயரை வைத்து ஊகிக்காமல் உதவித்தொகைக் கடிதத்தில் கடைசி வரியிலிருக்கும் தொகையை ஒப்பிட வேண்டும்.

மாநிலம் என்பதும் கணக்கில் வரும். டெக்சாஸின் அரசு மருத்துவக் கல்லூரிகள் 90 சதவீத இடங்களை அந்த மாநிலத்தவருக்கே வைத்திருக்கின்றன. கட்டணமும் நாட்டிலேயே குறைந்தவற்றில் சேரும். மருத்துவப் பள்ளி இல்லாத வயோமிங், அலாஸ்கா போன்ற மாநிலத்தாருக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகம் தனி ஒதுக்கீடு வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாக்காரர்களில் பெருந்தொகையினர் மருத்துவம் படிக்க வெளிமாநிலம் போகிறார்கள். டெக்சாஸ் பிள்ளை வேறு மாநிலத்தில் இளநிலை படித்தாலும், பெற்றோர் அங்கேயே இருந்தால் வசிப்புரிமை பொதுவாகப் போய்விடாது. ஆனாலும் விதியை எழுத்தில் பார்த்துவிடுவது நல்லது.

நம்மவர்களை நேராகத் தாக்கும் ஒன்றை யாரும் கல்லூரிச் சுற்றுலாவில் சொல்வதில்லை. எச்-1பி வேலையில் வந்த பெற்றோர் கிரீன் கார்டு வரிசையில் பல ஆண்டுகளாக நிற்கிறார்கள். அவர்களுடைய பிள்ளை மூன்று வயதில் வந்திருக்கலாம், தமிழைவிட ஆங்கிலம் சரளமாகப் பேசலாம். இருபத்தொரு வயதானதும், பெற்றோரைச் சார்ந்து கிடைத்த எச்-4 தகுதி முடிகிறது. அதன்பின் மாணவர் விசா. அதாவது வெளிநாட்டு மாணவர். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பல, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களை எடுப்பதே இல்லை. எடுப்பவற்றிலும் சில, ஓராண்டு முதல் நான்காண்டு வரையிலான கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் ஒப்படைக்கச் சொல்கின்றன. கூட்டரசுக் கடனும் கிடையாது. இந்த நிலையில் இருக்கும் குடும்பம் கல்லூரியைத் தேர்வுசெய்வதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் பிள்ளையின் வயதுக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவள் நான்காண்டு கழித்து, தன் தவறு எதுவும் இல்லாமல், விண்ணப்பிக்கக்கூட இடமில்லாமல் நிற்பது பெரிய கொடுமை. முன்பே தெரிந்தால் மாற்று வழிக்கு நேரமாவது இருக்கும்.

‘ஒருவேளை’ என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ப்ரீ-மெட் என்று தொடங்குகிறவர்களில் பெரும் பகுதியினர் விண்ணப்பம்வரை வருவதில்லை. சிலர் அடிபட்டு விலகுகிறார்கள். சிலர் பொதுச் சுகாதாரமோ கணினி அறிவியலோ பொருளியலோ தமக்கு அதைவிடப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்கிறார்கள். அது தோல்வி இல்லை. அந்த மாணவிக்கும் அந்தக் கல்லூரி நல்ல இடமாக இருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் துறை மாற முடியுமா, புதிய துறை தனி நுழைவுத் தடை வைத்திருக்கிறதா, மருத்துவத்தைத் தவிர வேறு எதில் அந்த இடம் வலுவானது என்பதெல்லாம் ‘சிறந்த ப்ரீ-மெட்’ பட்டியல்களில் இருப்பதில்லை.

ஏப்ரலில் கல்லூரிகள் சேர்க்கை பெற்றவர்களை அழைத்து வளாகத்தைச் சுற்றிக்காட்டும். வழிகாட்டி மாணவர் நூலகத்தையும் உணவகத்தையும் காட்டுவார். கூட்டத்தைக் கொஞ்சம் விட்டு விலகி வேதியியல் கட்டடத்துக்குப் போய், அங்கே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களில் ஒருவரிடம் உங்கள் பெண்ணே கேட்கட்டும். பெற்றோர் தள்ளி நிற்கலாம். முதல் தேர்வில் மதிப்பெண் போனபோது யாரிடம் போனீர்கள்? அந்த வாரமே போக முடிந்ததா? உங்களோடு தொடங்கியவர்களில் இப்போது எத்தனை பேர் மிச்சம், போனவர்கள் எங்கே போனார்கள்? பிறகு ஆலோசகர் அறைக்குப் போய் அதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேளுங்கள்: சென்ற ஆண்டு முதல் பருவத்தில் சி வாங்கிய மாணவியை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள்?